சேணத்துக்கு அடியில் இருப்பது: வரன் தேடும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பெற்றோர்களே,

வீட்டில் கல்யாண வயதில் மகனோ மகளோ இருக்க, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சி.எஸ்.ஐ. ஆக இருக்கலாம், கத்தோலிக்கராகவோ லூத்தரனாகவோ பெந்தெகொஸ்தே சபையாராகவோ இருக்கலாம். விக்கிரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்காமல் நம்மில் யாருக்கும் ஓர் ஆண்டு கழிந்திருக்காது. பணம் விக்கிரகம், கைப்பேசி விக்கிரகம், கட்டிய வீடும் வாங்கிய காரும் பிள்ளைகளின் மார்க்கும் விக்கிரகம் என்று போதகர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். பொருளாசையை விக்கிரகாராதனை என்றே பவுல் கொலோசெயருக்கு எழுதினார். ஆனால் அந்த வரிசையில் ஒரு பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதைச் சொன்னால் சேகரக் கூட்டத்தில் கேள்வி வரும், காணிக்கை குறையும், அடுத்த சபைத் தேர்தலில் ஓட்டுப் பிரியும். சாதியைத்தான் சொல்கிறேன். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்றைக்கும் அதிகக் கீழ்ப்படிதலைப் பெறுகிற விக்கிரகம் அது. அதன் பலிபீடம் கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்தில் இருக்கிறது. அதை இறக்கி வைக்கும் அதிகாரம் பிஷப்பையும் போதகரையும்விட உங்களிடமே அதிகம் இருக்கிறது.

விக்கிரகம் என்பதை ஒரு வசைச்சொல்லாக நான் எடுத்தாளவில்லை. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில், முதற்கற்பனையை விளக்கும் இடத்தில், ஒருவனுடைய மனம் எதன்மேல் சாய்ந்து எதை நம்பி நிற்கிறதோ அதுவே உண்மையில் அவனுக்குத் தெய்வம் என்ற கருத்தை வைத்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அந்த வழியில் வந்தவர். ஆகவே தமிழ் நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைக்கு இந்த அளவுகோல் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கிறது. கல்லும் மண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கட்டளைகள் மோதும்போது எதற்குக் கீழ்ப்படிகிறோம், எதற்காக எதைப் பலி கொடுக்கிறோம் என்று பார்த்தால் போதும். பணத்தாசை வந்தால் நாம் கொஞ்சமாவது வெட்கப்படுகிறோம். தசமபாகம் தவறினால் மனசு உறுத்துகிறது. திருவிருந்துக்கு முன்னால் முழங்காலில் நின்று பாவ அறிக்கை செய்யும்போது, மகளுக்கு வந்த நல்ல வரனைச் சாதி பார்த்துத் திருப்பி அனுப்பியதை அறிக்கையிட்டவர் எத்தனை பேர்? அது பாவக் கணக்கிலேயே ஏறுவதில்லை. குடும்பப் பொறுப்பை ஒழுங்காகச் செய்த கணக்கில் ஏறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவை பக்கத்தை விரித்து, கிறிஸ்தவ விளம்பரங்களைச் சொல் சொல்லாக நிறுத்திப் படித்துப் பாருங்கள். முதல் சொல் ஆர்.சி. அல்லது சி.எஸ்.ஐ.; இரண்டாம் சொல் சாதியின் பெயர். அதற்குப் பிறகுதான் வயது, உயரம், நிறம், படிப்பு, சம்பளம். கடைசியில் தேவபயமுள்ள, இரட்சிக்கப்பட்ட, ஜெபவாழ்க்கையுள்ள என்று ஏதாவது ஒன்று. சொல்லுக்குக் காசு கொடுக்கும் இடத்தில் எதை முதலில் வைக்கிறோம் என்பதே பெரிய சாட்சி. அதைவிடப் பெரிய சாட்சி பேச்சுவார்த்தையில் வெளிப்படும். பையனுக்கு ஜெபவாழ்க்கை இல்லை என்று தெரிந்தால், கல்யாணத்துக்குப் பிறகு கர்த்தர் மாற்றுவார் என்கிறோம். குடிப்பழக்கம் உண்டு என்றால்கூட, நல்ல பெண் வந்தால் திருந்திவிடுவான் என்கிறோம். சாதி வேறு என்றால் மட்டும் கர்த்தர் மாற்றுவார் என்று யாரும் சொல்வதில்லை. “நம்ம ஆட்களா?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சாதி தடையில்லை என்று பெரிய மனதோடு தொடங்கும் விளம்பரங்களிலும் எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக என்று அடுத்த சொல்லிலேயே வேலி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலியைப் போட்டு முடித்துவிட்டு, அதற்குள்ளே உமது சித்தத்தைக் காட்டும் ஆண்டவரே என்று உபவாசம் இருக்கிறோம்.

ஆதியாகமத்தில் ராகேல் தன் தகப்பன் லாபானுடைய வீட்டுச் சுரூபங்களை எடுத்துக்கொண்டு புறப்பட்ட கதை நம் எல்லாருக்கும் தெரியும். யாக்கோபின் குடும்பம் வாக்குத்தத்த தேசத்தை நோக்கிப் போகிறது. கூடவே லாபானின் தெய்வங்களும் போகின்றன. லாபான் துரத்திவந்து கூடாரம் கூடாரமாகத் தேடுகிறான். ராகேல் அவற்றை ஒட்டகச் சேணத்துக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க முடியாததற்கு ஒரு காரணம் சொல்கிறாள். யாக்கோபுக்கே அது தெரியாது. நம் சபைகளின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முன்னோர்கள் பழைய வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள், பெயரை மாற்றினார்கள், பண்டிகையை மாற்றினார்கள், சிலர் அதற்காக அடிபட்டார்கள், சொத்தை இழந்தார்கள். பழைய வீட்டிலிருந்து ஒரே ஒரு பொருள் மட்டும் மூட்டையோடு வந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் எழுந்திருக்க முடியாததற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு காரணம் சொல்லி வந்திருக்கிறது. அந்தக் காரணங்களை எடுத்துப் பார்ப்போம். அவற்றில் சில உண்மையாகவே யோசிக்க வேண்டியவை.

மிகப் பழைய காரணம், சாதி உலக வழக்கமே தவிர விசுவாச விஷயம் அல்ல என்பது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் குலத்தின் சமூக அடையாளங்கள் என்று வாதிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு அனுமதி கொடுத்தார். தமிழன் பறங்கியாக மாறாமலே கிறிஸ்தவனாக இருக்கலாம் என்ற நொபிலியின் நோக்கத்தில் பெரிய நியாயம் உண்டு. ஆனால் அதே வழியில் மேல்சாதியாருக்கு ஒரு குருவும் மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று வேறொரு குருவும் ஏற்பட்டார்கள். புராட்டஸ்டண்டுகளிலும் இதே வாதம் எழுந்தது. நம் கீர்த்தனைகளால் நாம் நன்றியோடு நினைக்கிற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே 1829இல் சாதி வேற்றுமையை விடச் சொன்ன மிஷனரிகளை மறுத்து எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வாதத்துக்குப் பதில் இந்த வெளியேற்றத்திலேயே கிடைக்கிறது. வெறும் வழக்கமாக இருந்திருந்தால், அது சகோதரனைப் புண்படுத்துகிறது என்று தெரிந்ததும் வருத்தத்தோடாவது விட்டிருப்பார்கள். ஆண்டவருடைய பந்தியை விட்டாலும் விடுவோம், இதை விடமாட்டோம் என்று ஒருவர் எழுந்து போனால், அவர் எதன்மேல் சாய்ந்திருந்தார் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

வழக்கம் என்று விட்டுவைத்தது எங்கே போய் நின்றது என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் சாட்சி. 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நடுக்கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் சேர்வதுபோல் அவை பீடத்தில் வந்து சேர்ந்தன. பீடத்தில் நிற்கும் குருவை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க முடியாது. ஒரே அப்பம், ஒரே மந்திரம், நடுவில் சுவர். பகையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியரில் வாசித்துவிட்டு, அந்தச் சுவரைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நாமே திரும்பக் கட்டினோம். 1910 வாக்கில் அதை இடித்தபோது, சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று கேட்டு மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. கிறிஸ்தவக் கோயிலில் சாதிப் பிரிவினைக்கு உரிமை கோர முடியாது என்பதை நமக்குச் சொல்ல ஒரு வெள்ளைக்கார ஆட்சியின் நீதிமன்றம் தேவைப்பட்டது. இதெல்லாம் பழங்கதை என்றும் சொல்ல வழியில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சுவருக்கு எதிரான போராட்டம் நம் காலத்தது. 2008 மார்ச்சில் எறையூரில் கோயில் உரிமைக்காக மோதிய இரு தரப்பாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது.

எங்கள் சபையில் அப்படியெல்லாம் இல்லை, பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். அதைச் சிறிதாக எண்ண மாட்டேன். அண்டாவில் வெந்த சோற்றை ஒரே கரண்டியில் அள்ளி, வரிசையாக விரித்த இலைகளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எந்தப் பாத்திரத்தை யார் தொடுவது என்று சண்டை நடந்த மண் இது என்பதை நினைத்தால் கண் கலங்கும். ஆனால் அந்தியோகியாவில் பேதுருவும் முதலில் அப்படித்தான் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல ஒதுங்கினார். பர்னபாவும் அவரோடு இழுபட்டார். பேதுருவின் உபதேசத்தில் ஒரு குறையும் வரவில்லை. சொந்தக்காரர் பார்க்கிறார்களே என்ற பயம் வந்தது, அவ்வளவுதான். அதைப் பவுல் சில்லறை விஷயமாக விடாமல், எல்லாருக்கும் முன்பாக எதிர்த்து நின்றார், அது சுவிசேஷத்தின் சத்தியத்தையே தொடுகிறது என்று கண்டதால். நாம் அசனத்தில் பேதுருவாக உட்காருகிறோம். ஊரிலிருந்து பெரியப்பாவும் தாய்மாமனும் வந்து வரனைப் பற்றி விசாரிக்கும்போது ஒதுங்குகிறோம். பந்தியில் போன சாதி பந்தத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இனி உங்களில் பலர் மனதில் உண்மையாகவே இருக்கும் காரணத்துக்கு வருகிறேன். நாங்கள் யாரையும் தாழ்வாக நினைக்கவில்லை. சாப்பாடு, பேச்சு, பழக்கம் ஒத்துப்போனால் பெண் சிரமப்படாமல் இருப்பாள். கஷ்டம் வந்தால் நம்ம சனம்தான் ஓடி வரும். இதில் பாதி உண்மை. பழக்கவழக்கம் பார்ப்பது பாவம் அல்ல. ஆனால் அதைத்தான் பார்க்கிறோமா? ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே சபையின் பாடகர் குழுவில் பாடி, ஒரே கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்குள் பழக்கம் ஒத்துப்போகிறது. சாதி ஒத்துப்போகவில்லை என்றால் வேண்டாம் என்கிறோம். முன்பின் பார்த்திராத, துபாயில் வேலை பார்க்கும் பையன் சொந்தச் சாதி என்றால் சரி என்கிறோம். சனத்தின் உதவியைப் பொறுத்தவரை, அது எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது, பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பமும் அப்படித்தான் உயிர் காத்தது, அதுவும் தேவன் சொல்லிச் செய்தது. பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். சபை என்ற குடும்பம் நமக்கு ஓடி வராது, சாதிதான் ஓடி வரும் என்று நாம் நம்புவது உண்மையானால், அது சபையைப் பற்றி எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு! அதைத் திருத்த வேண்டியவர்களும் நாம்தானே.

அப்படியானால் சாதிச் சான்றிதழைக் கிழித்துப் போடுவதா, சலுகையை விடுவதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டியதில்லை. சான்றிதழ் இந்தச் சமூகம் ஒருவருக்குச் செய்த அநியாயத்தின் பதிவு. அதைக் கையில் வைத்திருப்பவர் அதற்கு முன் முழங்கால் போடுவதில்லை. உண்மையில் இந்தக் கேள்வி வேறொரு பக்கத்தில்தான் நம்மைச் சுட வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது; தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், இந்துவான சக தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் வந்த தீர்ப்பு, கிறிஸ்தவத்துக்கு வந்த பிறகும் அதே சாதியில் இருக்கிறார் என்று காட்டினால் போதாது, சாதிக் கொடுமையும் அதே கடுமையோடு அங்கே தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. போதிய சான்று இல்லை என்று வழக்குத் தள்ளுபடியானது. சான்று யாரிடம் இருந்தது? நம்மிடம் இருந்தது. நம் வரன் விளம்பரங்களில், கல்லறைச் சுவர்களில், சேகரக் கணக்குகளில் இருந்தது. தலித் அல்லாத நாம் சபைக்குள் சாதியை முழுதாக வைத்துக்கொண்டு, வெளியே கேட்டால் கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லிவந்தோம். அந்தப் பேச்சு நமக்குக் கௌரவமாக இருந்தது, அதற்கான விலையைச் சூசை போன்றவர்கள் கொடுத்தார்கள். தலித் கிறிஸ்தவரான பாமாவின் தன்வரலாறு ‘கருக்கு’ 1992இல் வந்தபோது நமக்குள் பலருக்கு அது சங்கடமாக இருந்ததன் காரணமும் இதுவே.

சுவிசேஷமே நம் மண்ணில் சாதி சாதியாகத்தானே பரவியது என்பாரும் உண்டு. கூட்டமாக வந்தார்கள் என்பது சரித்திரம். ஆனால் முழுச் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும். இன்று லட்சக்கணக்கான விசுவாசிகளைக் கொண்ட கன்னியாகுமரிச் சபைகளுக்குப் புராட்டஸ்டண்டு சுவிசேஷத்தின் கதவைத் திறந்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்ற சாம்பவர் சாதிக்காரர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அவரால்தான். அதன்பின் திரண்டு வந்த நாடார் மக்கள், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859இன் அரசாணை வரை பட்ட பாட்டை நாடறியும். சாதி தங்கள் தாய்மாரின் தோளிலிருந்து துணியை இழுத்ததை அறிந்த குடும்பங்கள், தங்களுக்குக் கதவைத் திறந்தவரின் வம்சத்தில் பெண் எடுக்கத் தயங்கும்போது, எனக்குக் கோபத்தைவிடத் துக்கமே அதிகம் வருகிறது.

எல்லாக் காரணங்களுக்கும் அடியில் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும், அடுத்த பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற பயம். அது பொய்ப் பயமும் அல்ல. 2018 மே மாதம் கோட்டயத்தில் ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞர் காதலித்து மணந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். பெண்ணின் அண்ணன் உள்பட 10 பேருக்கு மறு ஆண்டு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. பெண்ணின் தகப்பனும் கிறிஸ்தவர். மகனைக் கேட்டு ஊர் வாசலில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று நியாயாதிபதிகளின் புத்தகத்தில் ஒரு தகப்பனுக்குத் தெரிந்தது. ஒப்ராவிலே கிதியோன் இரவோடு இரவாக இடித்த பாகாலின் பலிபீடம் வேறு யாருடையதும் அல்ல, அவனுடைய அப்பா யோவாஸின் பலிபீடம். பகலில் இடிக்கப் பயந்ததில் அப்பா வீட்டாருக்கான பயமும் சேர்ந்திருந்தது. விடிந்ததும் ஊரார் வந்து, உன் மகனை வெளியே கொண்டுவா, அவன் சாக வேண்டும் என்றார்கள். இடிபட்டது தன்னுடைய சொத்து, தன்னுடைய மானம். ஆனாலும் யோவாஸ் மகனுக்கும் ஊருக்கும் நடுவே நின்றார். பாகால் தெய்வமானால் தன் வழக்கைத் தானே பேசட்டும் என்று சொல்லி ஊரைத் திருப்பி அனுப்பினார். கிதியோனைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறோம். யோவாஸைப் பற்றி ஒரு பிரசங்கமாவது பெற்றோருக்குச் சொல்லப்பட வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சபையின் திருமணத் தகவல் மையப் படிவத்தில் இனம் என்றொரு கட்டம் இருந்தால், அதை எடுக்கச் சொல்லி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து பேசலாம். சாதி மாறி மணந்த பிள்ளைகளுக்கு ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறும் அவர்கள் பெற்றோருக்குப் பக்கத்தில் போய் உட்காரலாம். அந்த வாரங்களில் அவர்களோடு பேச ஆள் குறைவு. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இந்த வாரம் உங்கள் வீட்டு விளம்பரத்தை எழுதப் போகிறீர்கள் என்றால், பிள்ளையைக் கூட உட்கார வைத்து எழுதுங்கள். இரண்டாம் சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சாதி தடையில்லை என்று எழுதி, நீங்கலாக என்று எதையும் சேர்க்காமல் அனுப்புங்கள். அதன் பிறகு வரும் கடிதங்களை ஜெபத்தோடு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையாரில் ஒருவர்